விடுவதில் எத்தனை விதம்!

(நமது சங்கத்தின் நாக்பூர் கிளையில், மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தியாகம் என்ற தலைப்பில் அரை மணி நேரம் பேசுங்கோ ஸார்" என்று நமது கிளைச் செயலாளர் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் வேதாந்தம் முறையாகப் படித்தவன் இல்லை. படித்தது பி.எஸ்ஸி. ரசாயனம். அதன் பிறகு 36 வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகம். பெரும்பகுதி கணக்கும் கோப்பும்தான். தியாகத்தைப் பற்றிச் சொல்ல நம்மிடையே நல்ல உபன்யாசகர்கள் இருக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், விடுவது என்கிற காரியத்தை நாம் எல்லோரும் ஏதாவது ஒரு விதத்தில் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். எது விட்டது, எது விட்டதாகச் சொல்லிக்கொள்வது, எது நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் குழப்பம் வருகிறது. கணக்கு உத்தியோகத்தில் இருந்தவனுக்கு இனம் பிரித்து எழுதுவது பழக்கம். அந்த முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். பிழை இருந்தால் பெரியவர்கள் திருத்த வேண்டும்.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் "விடு" என்ற இரண்டு எழுத்துச் சொல் செய்கிற வேலை கொஞ்சநஞ்சம் இல்லை. சாதத்தில் நெய் விடு என்கிறோம். அங்கே விடுவது என்றால் சேர்ப்பது. மூச்சு விடு என்றால் வெளியே அனுப்புவது. உயிரை விட்டான் என்றால் கதை முடிந்தது. கைவிட்டான் என்றால் அது பழி. பொடி போடுவதை விட்டுவிட்டார் என்றால் அது பாராட்டு. விட்டுக்கொடுத்தல் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். "அவர் விட்டுக்கொடுத்துப் போகிற மனுஷர்" என்றால் புகழ்ச்சி. "மாட்டுப்பெண்ணை நாலு பேர் எதிரில் விட்டுக்கொடுத்துவிட்டார்" என்றால் அது குற்றச்சாட்டு. தன்னுடையதை விட்டால் புகழ், தன்னைச் சேர்ந்தவரை விட்டால் குற்றம் என்று நம் பாஷையே பிரித்து வைத்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, "விடு" என்பதிலிருந்து வந்த "வீடு" என்ற சொல்லுக்கு நாம் குடியிருக்கும் இடம் என்றும் பொருள், மோக்ஷம் என்றும் பொருள். அறம், பொருள், இன்பம், வீடு என்கிறபோது சொல்லப்படுவது இரண்டாவது வீடு. முதல் வீட்டுக்காக நம் குடும்பங்களில் நடக்கிற சண்டைகளைப் பார்த்தால், இரண்டாவது வீடு எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். அந்த முதல் வீட்டு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

அடுத்தது ஆபீஸ். சர்க்கார் பாஷையில் விடுவதற்கு எத்தனை பெயர்கள் தெரியுமா? மார்ச் மாதம் வந்தால் ஒவ்வோர் இலாகாவும் செலவழிக்க முடியாமல் மிஞ்சப்போகும் தொகையை நிதித்துறைக்கு "சரண்டர்" செய்ய வேண்டும். நானும் என் சர்வீஸில் பல லட்சங்களை சரண்டர் செய்திருக்கிறேன். அதற்காக என்னை யாரும் தியாகி என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. செலவு செய்யத் தெரியாமல் மிஞ்சியதைத் திருப்பித் தருவது தியாகம் ஆகாது. ஆனால் பீரோவில் பத்து வருஷமாக மடித்து வைத்த, இனி ஒருபோதும் கட்டிக்கொள்ளப்போகாத புடவையைக் கொடுத்துவிட்டு, "மனசே இல்லாமல் கொடுத்தேன்" என்று சொல்கிறோம் அல்லவா? அது மார்ச் மாத சரண்டர்.

பென்ஷனில் "கம்யூடேஷன்" என்று ஒன்று உண்டு. ஓய்வு பெறுகிறபோது மாத பென்ஷனில் 40 சதவீதம் வரை விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஒரு மொத்தத் தொகையை வாங்கிக்கொள்ளலாம். விட்ட பகுதி 15 வருஷம் கழித்துத் திரும்பி வந்துவிடும். இங்கே பலரும் அதை வாங்கித்தான் பெண் கல்யாணத்தையோ ஃப்ளாட்டையோ முடித்திருப்பீர்கள். நியாயமான ஏற்பாடு, ஆனால் இது கொடுக்கல் வாங்கல். குழந்தைகளுக்காகச் செய்ததையெல்லாம் கம்யூடேஷன் மாதிரி நினைத்துக்கொண்டு, "15 வருஷம் ஆயிற்றே, இன்னும் திரும்பி வரவில்லையே" என்று கணக்குப் பார்க்கிற பெற்றோர்கள் உண்டு. கணக்குப் பார்ப்பதில் தப்பில்லை. அதற்குத் தியாகம் என்று பெயர் வைப்பதில்தான் தப்பு.

இன்னொன்று, பாங்க்கில் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். "ரைட் ஆஃப்" வேறு, "தள்ளுபடி" வேறு. தள்ளுபடி என்றால் கடன் தீர்ந்தது. ரைட் ஆஃப் என்றால் வராக்கடன் என்று பாங்க்கின் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். கடன் வாங்கியவர் பொறுப்பு அப்படியே இருக்கும், வசூல் நடவடிக்கையும் தொடரும். "அந்தக் கல்யாணத்தில் எங்களை வா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அதையெல்லாம் அன்றைக்கே விட்டுட்டேன்" என்று ஆரம்பித்து, 1987-ஆம் வருஷம், வைகாசி மாசம், எந்தப் பந்தி, யார் பரிமாறினார்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் செய்திருப்பது ரைட் ஆஃப். வசூல் நடந்துகொண்டிருக்கிறது.

ராஜினாமா என்பதும் விடுவதுதான். 1956 நவம்பரில் அரியலூர் அருகே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளாகி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அதே வருஷம் மஹபூப்நகர் விபத்தின்போதே அவர் ராஜினாமா கொடுத்து, நேரு அதை ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். பாலம் இடிந்ததற்கு மந்திரி நேரடியாக என்ன செய்வார் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் பதவியில் இருக்கிற மரியாதையை ஏற்றுக்கொள்கிறவன் அதன் பழியையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதை அவர் காட்டினார்.

அதே சாஸ்திரி பிரதமராக இருந்தபோது, 1965-இல் தானியத் தட்டுப்பாட்டின் சமயத்தில், வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விடும்படி தேசத்தைக் கேட்டுக்கொண்டார். எனக்கு அப்போது பதினான்கு வயசு. திங்கட்கிழமை ராத்திரி ஹோட்டல்கள் கதவைச் சாத்தியிருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் அகத்தில் பாட்டி, "நமக்கு ஏகாதசி இருக்கு, கிருத்திகை இருக்கு, இதோட சாஸ்திரி விரதமும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்துவிடுவாள். ஜனங்கள் ஏன் கேட்டார்கள்? கேட்டவர் முதலில் தன் வீட்டில் விட்டார் என்று நம்பினார்கள்.

2015 மார்ச்சில், வசதியுள்ளவர்கள் சமையல் எரிவாயு மானியத்தை விட்டுத்தரும்படி பிரதமர் நரேந்திர மோடி கேட்டுக்கொண்டார். சுமார் ஒரு வருஷத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் விட்டுத்தந்தன. 2016 மே முதல் தேதி, ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் உத்தரப் பிரதேசத்தில் பலியாவில் தொடங்கப்பட்டது. நம் சங்கத்து அங்கத்தினர்கள் பலர் அந்த ஒரு கோடியில் இருந்திருப்பீர்கள்.

அதைப்போலவே ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை. ஆண்களுக்கு 60 வயசிலிருந்து 40 சதவீதம், பெண்களுக்கு 58 வயசிலிருந்து 50 சதவீதம். அந்தச் சலுகையைப் பாதியாகவோ முழுவதுமாகவோ விட்டுத்தரலாம் என்று 2017-இல் டிக்கெட் வாங்கும்போதே கேட்டார்கள். சிலர் விட்டார்கள், பலர் விடவில்லை. 2020 மார்ச்சில் கோவிட் சமயத்தில் அந்தச் சலுகையே நிறுத்தப்பட்டது. அன்றைக்கு நாக்பூரிலிருந்து சென்னைக்குப் பக்கத்துப் பக்கத்து பெர்த்தில் இரண்டு பெரியவர்கள் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 2017-லேயே சலுகையை விட்டவர். மற்றவரிடமிருந்து சலுகை போய்விட்டது. இரண்டு பேரும் கொடுத்தது ஒரே கட்டணம். ஒருவர் விட்டவர், இன்னொருவர் இழந்தவர். டிக்கெட்டைப் பார்த்து எவர் எவர் என்று சொல்ல முடியாது. வெளியிலிருந்து பார்க்கிறபோது தியாகமும் இழப்பும் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே "நான் மாட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம்" என்ற சுதந்திரம் இருந்ததா என்பதுதான் வித்தியாசம்.

இந்த இடத்தில் சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். யாகம் என்றால் த்ரவ்யம், தேவதை, த்யாகம் என்று மூன்று அங்கம் சொல்வார்கள். நெய்யை அக்னியில் விடுவது கண்ணுக்குத் தெரிகிற காரியம். "ந மம", அதாவது "என்னுடையது இல்லை" என்று எஜமானன் சொல்கிறாரே, அதுதான் த்யாகம். உபநயனம் ஆன சின்னப் பையனுக்குக்கூட சமிதாதானத்தின்போது இதைச் சொல்லிக் கொடுக்கிறோம். தானத்துக்கு இன்னும் ஒரு படி உண்டு. என் உரிமை நீங்க வேண்டும், வாங்குகிறவருக்கு உரிமை உண்டாக வேண்டும். அதற்குத்தான் ஜலத்தைத் தாரை வார்ப்பது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. "ந மம" என்று சொல்ல வேண்டியவர் எஜமானன்தான். அவருக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் அது யாகம் ஆகாது. என்னுடையதைத்தான் நான் "என்னுடையது இல்லை" என்று சொல்ல முடியும்.

கயையில் சிராத்தம் செய்துவிட்டு அக்ஷய வடத்தின் அடியில் ஒரு காய், ஒரு பழம் விட்டுவிட்டு வருகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். மிகவும் பிடித்ததை விட வேண்டும் என்பது ஐதிகம். நம்மவர்கள் அநேகமாக விடுவது பாகற்காயும் கொத்தவரங்காயும். பழத்தில் எதை விடலாம் என்று ரயிலிலேயே விசாரித்து, வருஷத்தில் ஒரு தடவைகூடக் கண்ணில் படாத பழமாகத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். மாம்பழத்தை விட்டவரை நான் என் வாழ்நாளில் ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவரும் சர்க்கரை வியாதிக்காரர். சிரிக்கத்தான் தோன்றுகிறது. ஆனாலும் பிடிக்காத காயை விட்டதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. விபரீதம் எங்கே என்றால், நாம் பாகற்காயை விட்டுவிட்டு, இன்னொருவரை மாம்பழத்தை விடும்படி சொல்கிறபோது.

அதற்குத்தான் வருகிறேன். நம் குடும்பங்களில் யார் எதை விட்டார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பாட்டை விட்டவள், வேலையை விட்டவள், தம்பி இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்று தன் படிப்பை விட்ட அக்கா. ஆண்களிலும் உண்டு, இரண்டு தங்கைகளைக் கரையேற்றுவதற்காகத் தன் கல்யாணத்தையே விட்ட அண்ணாக்களை நான் அறிவேன். அவர்களுக்கு நமஸ்காரம். ஆனால் அவர்களில் எத்தனை பேரை "உனக்குச் சம்மதமா?" என்று யாராவது கேட்டார்கள்?

உங்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். பெயர், ஊர் வேண்டாம். எங்கள் காலனியில் ஒரு மாமி இருக்கிறார். அவர் தகப்பனார் தஞ்சாவூர் ஜில்லாவில் பள்ளிக்கூட வாத்தியார். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய ஒரு வீட்டை விட்டுவிட்டு, உயில் எழுதாமலே காலமாகிவிட்டார். பிறகு தாயாரும் போய்ச் சேர்ந்தார். ஓர் அண்ணா, இரண்டு தங்கைகள். மாமி பெரியவர்; அவருக்கு வசதிக்குக் குறைவில்லை. சின்னவர் கணவரை இழந்து, பையனோடு வாடகை வீட்டில் இருக்கிறார். அண்ணா அந்த வீட்டில் இருந்துகொண்டு படுத்த படுக்கையாக இருந்த தாயாரைப் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டவர். அதையும் சொல்ல வேண்டும்.

அண்ணாவிடமிருந்து ஒரு விடுதலைப் பத்திரத்தின் நகல் வந்தது. தங்கைகள் இருவரும் தங்கள் பாகத்தை விட்டுக்கொடுக்கிறார்கள், பிரதிபலன் எதுவும் இல்லை என்று வாசகம். சர்க்காரில் இருந்தவன் என்பதால் மாமி அதை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னார். நான் படித்துக் காட்டினேன். "என் பாகம் எவ்வளவு?" என்று கேட்டார். மூன்றில் ஒன்று என்றேன். உயில் இல்லாமல் போன தகப்பனாரின் சுய சம்பாத்தியத்தில் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் சமபங்கு என்பது 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. நம்மில் பலர் அது 2005-இல்தான் வந்தது என்று நினைக்கிறோம். 2005-இல் வந்த திருத்தம் பூர்விகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்ணுக்குப் பிறப்பாலேயே பங்கு என்பது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை மேலும் தெளிவாக்கி, திருத்தம் வந்த அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று சொல்லிவிட்டது.

மாமி இரண்டு நாள் யோசித்தார். "அம்மாவுக்கு நான் செய்ய வேண்டியதை அண்ணா செய்தான். எனக்கு இந்தப் பணம் வேண்டாம். சந்தோஷமாகப் போடுகிறேன்" என்று ஊருக்குப் போனார். சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் பெஞ்சில் காத்திருக்கிறபோது தங்கையிடம், "நீ ஏண்டி போடறே?" என்று கேட்டாராம். அவள் சொன்ன பதில் இது: "நீ போடறே. நான் மட்டும் போடலைன்னா எனக்குத்தான் கெட்ட பேர். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா எனக்குப் போக இந்த ஒரு வாசல்தானே அக்கா இருக்கு? அதையும் சாத்திண்டுட்டா?"

ஒரே பத்திரம், ஒரே முத்திரைத்தாள், ஒரே வாசகம். பெரியவள் விடுகிறாள். சின்னவளுக்கு, பிறந்தகத்து வாசல் திறந்திருப்பதற்கு மூன்றில் ஒரு பங்கு வீடு கட்டணம். பதிவு செய்கிற அதிகாரி இரண்டு கையெழுத்தையும் ஒரே மாதிரிதான் பதிவு செய்வார். சட்டத்தில் வித்தியாசம் இல்லை. மனசில் இருக்கிறது.

மாமி அன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லை. "என் பாகத்தை அண்ணாவுக்கு நான் தருகிறேன். ஆனால் சின்னவள் பாகத்துக்கு ஒரு தொகை பேசி முடிவு செய்யாமல் என் கையெழுத்து கிடையாது" என்று சொல்லிவிட்டார். அண்ணாவுக்கு மகா கோபம். "நான் பதினோரு வருஷம் பார்த்ததற்கு இதுவா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பதினோரு வருஷத்தில் அவர் விட்டதும் எத்தனையோ. கடைசியில் மூன்று தவணையாகச் சின்னவளுக்குப் பணம் வந்தது. பத்திரமும் பதிவானது. அண்ணாவுக்கும் மாமிக்கும் நடுவில் பேச்சு மட்டும் இன்னும் பழையபடி ஆகவில்லை. தீபாவளிக்கு ஃபோன் வருகிறது, அவ்வளவுதான். மாமி எதை விட்டார் என்று என்னைக் கேட்டால், வீட்டில் தன் பாகத்தை விட்டது சின்ன விஷயம், அண்ணாவிடம் தனக்கு இருந்த நல்ல பெயரைத் தங்கைக்காக விட்டாரே, அதைத்தான் சொல்வேன்.

சட்டத்தில் இன்னொரு ஸ்வாரஸ்யமான விஷயம். தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே, "அவருக்குப் பிறகு எனக்கு வரக்கூடியதை இப்போதே இன்னொருவருக்குக் கொடுத்துவிடுகிறேன்" என்று பெண்ணிடம் எழுதி வாங்குகிறவர்கள் உண்டு. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, வாரிசாக வரலாம் என்கிற வெறும் வாய்ப்பை மாற்றிக்கொடுக்க முடியாது என்கிறது. இன்னும் உன்னுடையது ஆகாததை நீ எப்படிக் கொடுப்பாய் என்று கேட்கிறது. "ந மம" சொல்வதற்கு முன்னால் "மம" என்று ஒன்று இருக்க வேண்டும் என்று சாஸ்திரம் சொல்வதும் இதுவும் எனக்கு ஒன்றாகவே படுகிறது.

நான் படித்த ரசாயனத்திலிருந்தும் ஓர் உதாரணம். சோடியம் அணுவில் 11 எலெக்ட்ரான்கள். வெளிக்கட்டில் ஒன்றே ஒன்று. குளோரினில் 17, வெளிக்கட்டில் ஒன்று குறைவு. சோடியம் தன் ஒன்றை விட்டுக்கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது, இரண்டும் சேர்ந்து நம் இலையில் விழுகிற உப்பு ஆகிறது. பள்ளிக்கூடத்தில், சோடியம் ஏதோ கர்ணன் மாதிரி தானாக எடுத்துக் கொடுத்துவிடுவது போலச் சொல்லிக்கொடுப்பார்கள். உண்மை அப்படி இல்லை. தனித்தனி அணுக்களாக இருக்கிற நிலையில், சோடியத்திடமிருந்து அந்த எலெக்ட்ரானை எடுக்க ஒரு மோலுக்குச் சுமார் 496 கிலோஜூல் ஆற்றல் செலவாகிறது. குளோரின் அதை வாங்கிக்கொள்கிறபோது வெளிவருவது சுமார் 349. ஆக 147 கிலோஜூல் நஷ்டம். அப்படியானால் உப்பு எப்படி உண்டாகிறது? இரண்டும் கோடானுகோடியாக அடுக்கடுக்காகச் சேர்ந்து ஒரு படிகமாகக் கட்டுப்படுகிறபோது சுமார் 787 கிலோஜூல் வெளிவருகிறது. அது அந்த நஷ்டத்தை ஈடுகட்டி மேலும் மிஞ்சுகிறது.

குடும்பம் என்பது அந்தப் படிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுகிறவருக்கு வலிக்காது என்பது ரசாயனத்தில்கூடப் பொய். விட்டவரைச் சுற்றி எல்லோரும் சேர்ந்து நின்று தாங்கினால் அந்த வலி ஈடாகிவிடுகிறது. வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு திக்காகப் போய்விட்டால் விட்டவருக்கு மிஞ்சுவது நஷ்டம் மட்டும்தான். அப்போது "உன் தியாகம் பெரிசு" என்று பொன்னாடை போர்த்துவதில் பிரயோஜனம் இல்லை.

கீதையில் பதினெட்டாவது அத்தியாயத்தின் ஆரம்பத்திலேயே அர்ஜுனன், ஸந்யாஸத்துக்கும் த்யாகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறான். இவ்வளவும் கேட்டு முடித்த பிறகும் அவனுக்கு இதில் சந்தேகம் தீரவில்லை என்றால், நமக்கு இருப்பதில் ஆச்சரியம் இல்லை. பகவான் த்யாகத்தை மூன்றாகப் பிரிக்கிறார். செய்ய வேண்டிய கடமையை அறியாமையால் விடுவது தாமஸம். கஷ்டமாக இருக்கிறதே, உடம்பு வருந்துமே என்று விடுவது ராஜஸம். அதனால் த்யாகத்தின் பலன் கிடைக்காது. செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே, அதில் பற்றையும் பலனையும் விடுவதுதான் ஸாத்விகம். வேலையை விடு என்று அவர் சொல்லவில்லை. வில்லைக் கீழே போட்டவனை மறுபடி எடுக்கச் சொல்வதற்குத்தான் அத்தனை உபதேசமும்.

இதை வைத்துக்கொண்டு, எதையாவது விடுகிறபோது நம்மை நாமே கேட்டுக்கொள்ள நாலு கேள்விகள் தோன்றுகின்றன. ஒன்று, இது என்னுடையதா? இரண்டு, என்ன விடுகிறேன் என்று எனக்கு முழுசாகத் தெரியுமா? மூன்று, மாட்டேன் என்று சொல்ல எனக்கு வழி இருந்ததா? நாலு, நான் விடுவதற்கான விலையை வேறு யாராவது கொடுக்கிறார்களா? கடைசிக் கேள்வி முக்கியம். ஒருவர் ஓய்வு பெற்றதும் "நான் லௌகிகத்தை விட்டுவிட்டேன்" என்று பூஜை அறைக்குள் உட்கார்ந்துவிட்டார் என்றால், பால் வாங்குவது, பாங்க், டாக்டர் எல்லாம் எழுபது வயசு மனைவியின் தலையில் விழுகிறது. இதில் தியாகம் செய்தவர் யார் என்று அந்த மாமியைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொருவரை எதையாவது விடச் சொல்கிறபோதும் இதே நாலு கேள்விகளை அவர் சார்பில் நாம் கேட்க வேண்டும். இங்கே வந்திருக்கிற பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் மும்பையிலும் பெங்களூரிலும் அதற்கும் அப்பாலும் இருக்கிறார்கள். ஊரில் ஒரு வீடோ இங்கே ஒரு ஃப்ளாட்டோ இருந்தால், கை நடுங்காமல் இருக்கும்போதே, இரண்டு சாட்சிகளை வைத்து ஓர் உயில் எழுதிவிடுங்கள். யாருக்கு என்ன என்பதை நீங்கள் முடிவு செய்யாமல் விட்டால், பின்னால் யாரோ ஒருத்தி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து உங்களுக்காகத் தியாகம் செய்ய வேண்டியிருக்கும். பெண்ணுக்கு வேண்டாம் என்றால் அவளாகச் சொல்லட்டும். "அவள் கேட்க மாட்டாள், ரொம்ப நல்ல பெண்" என்று நாம் அவளுக்காக "ந மம" சொல்லக் கூடாது.

நாம் விட வேண்டியவை வேறு நிறைய இருக்கின்றன. கடைசி வார்த்தை நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதை விடலாம். பீரோச் சாவியை விடலாம். "எங்கள் காலத்தில்" என்று ஆரம்பிக்கிற வாக்கியங்களில் பாதியை விடலாம். கண் சரியாகத் தெரியாதபோது ஸ்கூட்டரை விடலாம். இதெல்லாம் நம்முடையவை, நமக்கு விலை தெரியும், மாட்டேன் என்று சொல்லவும் முடியும். ஆகவே விட்டால் கணக்கில் ஏறும்.

நாம் தினமும் சொல்கிற ம்ருத்யுஞ்ஜய மந்திரத்தில் வெள்ளரிப்பழம் வருகிறது. பழம் காம்பிலிருந்து விடுபடுவதுபோல என்று பிரார்த்தனை. இதற்குப் பின்னால் ஒரு தாவர சாஸ்திரம் இருக்கிறது. காய் பழுக்கிறபோது காம்பு சேருகிற இடத்தில் ஒரு மெல்லிய பிரியடுக்கு உண்டாகிறது. அங்கே செல்களை ஒட்டவைத்திருக்கிற பொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பழுத்தபின் அறுக்க வேண்டாம், இழுக்க வேண்டாம். கொடி அப்படியே இருக்க, பழம் தானாக விலகிக்கொள்கிறது. பிஞ்சிலே பறித்தால் காம்பில் காயம், கொடிக்கும் வலி. இதைத்தான் வீட்டிலும் பார்க்கிறோம். பழுத்து விட்டவர்கள் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. பறிக்கப்பட்டவர்கள் மனசில் அந்தக் காயம் ஆறுவதில்லை. நாம் பழுப்பதற்குப் பிரார்த்திப்போம். அதோடு, நம் அகத்தில் யாரையும் பிஞ்சிலே பறிக்காமல் இருப்பதற்கும் பிரார்த்திப்போம்.

எனக்குக் கொடுத்த அரை மணி நேரம் முடிந்துவிட்டது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மைக்கையும் விட வேண்டியதுதான்.